கனி தங்கிய சாய்ப்பு

1

போன வாரம் ஏழாயிரம்பண்ணையிலிருந்து கருப்பசாமி போன் செய்தான். என் மாமன் மகன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"என்ன மாப்ள, கூடப்பொறந்தவளக் கூட்டிட்டுப் போயி ஆட்டுக்கொட்டத்துல போட்டுருந்தியாமே?"

எனக்கு விளங்கவில்லை. "யாரு சொன்னது?" என்றேன்.

"அவதான் சொன்னா. ஆஸ்திரேலியாவுல என்னத்தக் கண்டன்னு பொம்பளைக கேட்டுருக்காளுக. அண்ணன் வீட்டுக்குப் பின்னால சாய்ப்புல இருந்தேன், நல்லா இருந்துச்சுன்னுருக்கா. கடலப் பாக்கலையாம். கங்காருவப் பாக்கலையாம். அம்புட்டுத் தூரம் போயி சாய்ப்புல இருந்துட்டு வந்துருக்கான்னு ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. கனி சொன்னதில் பொய் இல்லை. மூன்று மாசமும் சாய்ப்பில்தான் இருந்தாள். ஏன் இருந்தாள் என்பதை அவள் சொல்ல மாட்டாள். நான்தான் சொல்ல வேண்டும்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஓட்டலில் ஆர்டர் சீட்டு வாசிப்பதோடு சரி, எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

நான் சமையல்காரன். சிவகாசியில் ஒரு புரோட்டா கடைக்கு மேஜை துடைக்கப் போனேன். அங்கேயே மாஸ்டர் ஆனேன். பிறகு மதுரை, மஸ்கட், கடைசியில் பெர்த். இங்கே ஒரு இந்தியன் ஓட்டலில் வேலை. என் வீட்டுக்காரி செல்வி முதியோர் இல்லத்தில் வயசானவர்களைக் குளிப்பாட்டி விடுகிறாள். ஒரே மகள் அபி. வரும்போது இடுப்பில் இருந்தாள். இப்போது பதினாறு வயது.

கடன் வாங்கி ஒரு பழைய வீடு வாங்கினோம். வீட்டின் பின்சுவரை ஒட்டித் தகரக் கூரை இறக்கியிருக்கும். கீழே சிமெண்டுத் தரை. மூன்று பக்கம் திறப்பு. இங்கே இதைப் பேட்டியோ என்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் சாய்ப்பு. வீட்டைக் காட்டிய ஏஜெண்ட் அங்கே நின்று கையை விரித்தான். சாயங்காலம் குடும்பத்தோடு இங்கே உட்காரலாம் என்றான். நாங்களும் தலையை ஆட்டினோம்.

ஒரு சாயங்காலமும் உட்காரவில்லை. வாங்கிய புதிதில் காலி அட்டைப்பெட்டிகளை அங்கே வைத்தோம். அப்புறம் ஓடாத வாஷிங் மெஷின். அபி சின்னதில் ஓட்டிய சைக்கிள். கால் உடைந்த நாற்காலி. காய்ந்த செடியோடு தொட்டிகள். மேலே ஒட்டடை, கீழே சருகு. முதுகில் சிவப்புக் கோடு போட்ட சிலந்தி ஒன்று இந்த ஊரில் உண்டு, விஷம். அது குடியேறியதும் பின்கதவைத் திறப்பதையே விட்டோம்.

திறந்துதான் யார் உட்கார? செல்வி விடியுமுன் போவாள். நான் முற்பகலில் போனால் ராத்திரிதான் வருவேன். அபி பள்ளிக்கூடம் விட்டு வந்து ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு செல்வி அவளுக்குப் போனில் அனுப்புவாள், சாப்பாடு மேஜையில் இருக்கிறது என்று. பதிலுக்கு அடுத்த ரூமிலிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும்.

அபிக்குத் தமிழ் விளங்கும். பேசச் சொன்னால் தேடித் தேடிப் பேசுவாள். நாங்கள் இங்கிலீஷ் பேசினால் அவளுக்குக் கூச்சம். அவள் தமிழ் பேசினால் எங்களுக்குச் சிரிப்பு. அதனால் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

3

முத்துக்கனி என் தங்கச்சி. கனி என்றுதான் கூப்பிடுவோம். ஊரில் பயர் ஆபீஸ் என்று சொல்லும் பட்டாசுத் தொழிற்சாலையில், வெடிமருந்து அடைக்கிற மருந்து ரூமில் வேலை பார்த்தாள்.

மருந்து ரூம் பற்றி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் மாதிரி ஆட்களுக்குச் சொல்கிறேன். சின்ன ரூம். எல்லாப் பக்கமும் கதவு, வெளியே பார்த்துத் திறக்கும். வேலை நேரத்தில் கதவு திறந்தே கிடக்க வேண்டும். செருப்பு கூடாது. நைலான், பாலியெஸ்டர் உடுத்தக் கூடாது, பருத்திதான். வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும், அதிலிருந்து கம்பி மண்ணுக்குள் போகும். உள்ளே போகுமுன் இரண்டு உள்ளங்கையையும் அதில் வைக்க வேண்டும். உடம்பில் உராய்ந்து ஏறியிருக்கிற கரண்டு மண்ணில் இறங்கிவிடும். இறங்காமல் மருந்தைத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாத பொறி போதும்.

கனி ஒரு நாளும் தகட்டைத் தொடாமல் போனதில்லை. அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது. மருந்து பறக்கிறது என்று உள்ளே இருந்தவர்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். கனி காகிதக் கட்டு எடுத்துவர வெளியே போயிருந்தாள். திரும்பி வரும்போது வெடித்தது. ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. விடாமல் இழுத்தாள். அதில்தான் கை இரண்டும் வெந்துபோனது. கதவு வந்தபோது உள்ளே கூப்பிட யாரும் இல்லை. மூன்று பேர். மூன்று பேரும் இவளோடு ஒரே வேனில் போய் வந்தவர்கள்.

பேப்பரில் உராய்வு காரணம் என்று போட்டார்கள்.

கை ஆறிவிட்டது. விரல்கள் முழுதாக மடங்காது. இப்போது வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறாள். அதற்கு மருந்து கிடையாது. வீட்டுக்காரர் முன்பே தவறிவிட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவள் வீட்டுக் கதவு மட்டும் அதற்குப் பிறகு சாத்தியதே இல்லை. மழையோ பனியோ திறந்தே கிடக்கும். வாசலை ஒட்டித்தான் படுப்பாள்.

"களவாணிப் பய வந்துறப் போறான்" என்று ஒரு தடவை போனில் சொன்னேன்.

"வந்தா ரெண்டு குழாய் உருட்டிக் குடுத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

4

அவளை இங்கே கூப்பிட்டது செல்விதான். தீபாவளி முடிந்தால் ஊரில் வேலை ஓய்ந்து கிடக்கும். அந்த நேரத்தில் மூன்று மாசம் வந்து இருக்கட்டும் என்றாள்.

பாஸ்போர்ட்டுக்குப் போன இடத்தில் கைரேகை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மெஷினில் விழவில்லை. துடைத்துவிட்டு வை என்றார்கள். துடைத்தாள். அழுத்தி வை என்றார்கள். அழுத்தினாள். கையைக் கழுவிட்டு வாம்மா என்று அங்கே இருந்த பெண் சொன்னாளாம். கனி கழுவிக்கொண்டு வந்து நின்றாள். ரேகையே இல்லை என்று அவளாகச் சொல்லவில்லை. கூடப் போன மகன்தான் கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். அதன் பிறகு டாக்டர் சீட்டு கேட்டார்கள். அதற்கு அலைச்சல். விசாவுக்கு அலைச்சல். எல்லாம் முடிந்தது.

விமானத்தில் எப்படி இருப்பாள் என்று பயந்தேன். டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். தூங்கி வந்தாள். ஏர்போர்ட்டில் என்னைப் பார்த்ததும், "எலும்பா இருக்கீகளே அண்ணே, சமையக்காரன்னு சொல்லிக்கிடாதீக" என்றாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கவில்லை. டிசம்பரில் இங்கே கோடை. காற்றில் ஈரமே இருக்காது. ஏசிக்காக எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. தரை முழுவதும் கம்பளம், நைலான். இதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. வருஷக்கணக்காக அதன்மேல் நடந்து பழகியாயிற்று.

கனி கம்பளத்தில் நடந்துபோய்ப் பாத்ரூம் கதவின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டாள். டிக் என்று ஒரு சத்தம். எங்களுக்கு இங்கே தினமும் நடப்பதுதான். விரல் நுனியில் சுள்ளென்று ஒரு பொறி.

கத்தவில்லை. திரும்பினாள். பின்கதவு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, நேரே போய்த் திறந்தாள். அட்டைப்பெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

அபி ரூமிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அத்தை, அது ஒண்ணும் இல்ல. ஜஸ்ட் ஸ்டாட்டிக்" என்று சிரித்தாள்.

கனி சிரிக்கவில்லை. "எல்லாரும் வெளிய வாங்க. மதினி, நீங்களும் வாங்க" என்றாள். செல்வி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்து வா என்று சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் செல்வியை நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு அவள் உள்ளே படுக்கவில்லை. சாய்ப்பில் வாஷிங் மெஷினைத் தள்ளி, பெருக்கி, சிலந்தி இருக்கிறதா என்று பார்த்து, ஒரு போர்வை விரித்துக் கொடுத்தோம். அதுவும் பாலியெஸ்டர். உதறினால் படபடவென்று பொரிந்தது. அதைச் சுருட்டித் தூரப் போட்டுவிட்டுச் சேலையை விரித்துப் படுத்தாள்.

மறுநாள் காலையில் டீ கொண்டுபோனேன். "அண்ணே, கோவிச்சுக்கிடாத. என்னைய ஊருக்கு அனுப்பிரு" என்றாள். எனக்கு மரியாதை கொடுத்தே பேசுகிறவள், மனசு விட்டுப் போனால் மட்டும் நீ என்பாள். "உன் வீடு நல்ல வீடுதான். எனக்குத்தான் ஒத்துக்கிடல. இந்த வாரத்துக்குள்ள போயிர்றேன்."

"ஒரு வாரம் பொறு" என்றேன். வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவள் போய்விட்டால் மறுபடி வரமாட்டாள் என்று மட்டும் தெரிந்தது.

5

ஓட்டலில் லீவு சொன்னேன். வீட்டுக்குள் இருக்க முடியாதென்றால் வெளியே ஒரு ரூம் பண்ணிவிடலாம். மேலே கூரை இருக்கிறது. மற்றதைக் கொண்டுவந்தால் போதும்.

குப்பை அள்ளுகிறவர்களை வரவழைத்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன். அபி தானாக வந்தாள். போனில் வீடியோ காட்டினாள். இப்படிப் பண்ணலாம் அப்பா, அப்படிப் பண்ணலாம் அப்பா என்றாள். அவள் இத்தனை பேசி ரொம்ப நாளாயிற்று. எதற்கும் சரி சரி என்று தலையாட்டினேன். இரண்டு பேரும் கடைக்குப் போனோம். தரைக்குப் பச்சைப் புல் மாதிரி ஒரு விரிப்பு. பிரம்பு மாதிரி பின்னிய சோபா. மெத்து மெத்தென்று திண்டுகள். மூன்று பக்கமும் இறக்கிவிடத் திரை. சின்னச் சின்ன பல்பு கோத்த மாலை.

இரண்டு நாளில் முடித்தோம். அபி போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கனியைக் கூப்பிட்டோம்.

ஓரத்தில் நின்று பார்த்தாள். பெருவிரலால் புல் விரிப்பைத் தேய்த்தாள். சோபாவைத் தொடாமல் குனிந்து மோந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

"அழகா இருக்குத்தா" என்று அபியிடம் சொன்னாள். "சினிமாவுல வர்ற மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டுப் போய் எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அபி முகம் விழுந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் தலையில் அடித்த மாதிரி இருந்தது. புல், பிளாஸ்டிக். பிரம்பு, பிளாஸ்டிக். திண்டு, பாலியெஸ்டர். திரையும் பிளாஸ்டிக், மூன்று பக்கமும் அடைக்கிறது. மருந்து ரூமில் எதெதெல்லாம் கூடாதோ அதையெல்லாம் காசு கொடுத்து வாங்கிக் கொண்டுவந்து பரப்பியிருக்கிறேன்.

6

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கப் போனோம். அதே கடையில் செம்புத் தகடு கிடைக்குமா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என் தங்கச்சி உடம்பில் கரண்டு இருக்கிறது, அதை மண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று. கடைக்காரன் முகம் வெளுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டாயா, அவளுக்கு மூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனை எடுத்தான். அபிதான் ஓடிவந்து இரண்டு வார்த்தையில் விளக்கினாள். அவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தகடு இருக்கிற பக்கத்தைக் காட்டினான்.

காரில் வரும்போது அபி கேட்டாள், "அப்பா, அத்தை கைக்கு என்ன ஆச்சு?"

பதினாறு வயசு வரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அத்தைக்கு ஆக்சிடெண்ட் என்று மட்டும் தெரியும். இங்கே ஆக்சிடெண்ட் என்றால் கார். அவளும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

சொன்னேன். காற்று, கதவு, மூன்று பேர். வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னதால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு வந்து சேர்ந்தோம். இறங்கியதும் ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தாள். கடை ஏசிக்காக மேலே போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி, கழுத்துப் பக்கம் துணி என்ன துணி என்று எழுதியிருப்பதைப் படித்தாள். அதையும் வாசலிலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு சாய்ப்புக்குப் போனாள்.

இந்தத் தடவை கனியைக் கேட்டுக் கேட்டுச் செய்தேன்.

"தரைக்கு என்ன போட?"

"ஒண்ணும் போடாதீக. தரை தரையா இருக்கட்டும்."

சிமெண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினோம். காரை பெயர்ந்த இடத்தைப் பூசினேன். உட்காரவும் படுக்கவும் மரப்பலகையில் இரண்டு அகல பெஞ்சு அடித்தேன். ஆணி எல்லாம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று அவள் தடவிப் பார்த்தாள். மெத்தைக்குப் பதில் பருத்திப் போர்வைகள். மேற்கு வெயிலுக்குச் செல்வியின் பழைய சுங்குடிச் சேலைகளைக் கட்டினோம். காற்றடித்தால் அதுபாட்டுக்கு விலகிக்கொள்ளும். தோட்டத்துப் பக்கம் எதையும் கட்டவில்லை, எதையும் வைக்கவில்லை. ஓடுகிற வழி அது.

தகட்டைப் பின்கதவின் பக்கத்துச் சுவரில் அடித்தேன். கம்பியை இறக்கி, ஒரு செம்புத் தண்டை மண்ணில் ஆழமாக அறைந்து அதில் முடிந்தேன். கனி வந்து இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுத்துவிட்டு, "கம்பெனித் தகட்ட விடப் பெருசா இருக்கு" என்றாள்.

பல்பு மாலையை மட்டும் அபி திருப்பிக் கொடுக்க விடவில்லை. எலுமிச்சை மரத்தில் கட்டினாள். "அங்கன இருந்தா இருந்துட்டுப் போகுது" என்று கனி விட்டுவிட்டாள்.

7

ஊருக்கு அனுப்பு என்ற பேச்சு நின்றது. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் தரையில் தண்ணீர் தெளிப்பாள். காய்ந்த காற்றில் அந்த ஈரத்துக்கு ஒரு சுகம் இருந்தது. செல்வி வேலை முடிந்து வந்ததும் பையை வைத்துவிட்டு நேரே அங்கே போய்க் காலை நீட்டிவிடுவாள். இரண்டு பேரும் வெங்காயம் உரிப்பார்கள், ஊர்க்கதை உரிப்பார்கள்.

குளிக்க, கொள்ள கனி உள்ளே வருவாள். தகட்டைத் தொட்டுவிட்டு வருவாள். வேலை முடிந்ததும் வெளியே. உள்ளே இருக்கிற நேரமெல்லாம் பின்கதவு திறந்திருக்க வேண்டும். பாத்ரூமுக்கு ஒரு துணியைத் தொங்கவிட்டோம். ஏசிக் குளிர் வெளியே போனாலும் கரண்டு பில்லைப் பற்றி ஒரு மூச்சு விடவில்லை நான்.

அபி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ப்புக்கு வர ஆரம்பித்தாள். முதலில் வைஃபை அங்கே நன்றாகக் கிடைக்கிறது என்றாள். அது பொய். அங்கே கிடைக்கவே கிடைக்காது.

அவள் தலை சீவும்போது முடி சீப்போடு எழும்பி நிற்கும், படபடக்கும். ஒரு நாள் கனி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏ புள்ள, இங்கன வா. தலையா அது, கம்பி மத்தாப்பா?"

"எண்ணெய் வேண்டாம் அத்தை. ஸ்கூல்ல ஸ்மெல் சொல்லுவாங்க."

"பொரியிற தலையோட என் பக்கத்துல இருக்காத. எண்ணெ வச்சா பொரியாது. வைக்கலைன்னா அந்தப் பக்கம் போயி உக்காரு."

அபி கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து வந்து கனி காலடியில் உட்கார்ந்து தலையைக் கொடுத்தாள். செல்வி எத்தனையோ வருஷம் கெஞ்சியும் நடக்காத காரியம் அது. கனி மடங்காத விரலால் எண்ணெய் தேய்த்து, மரச் சீப்பால் வாரிவிட்டாள். பின்னல் கோணலாகத்தான் வந்தது. மறுநாள் அபி அதோடுதான் பள்ளிக்கூடம் போனாள்.

"அத்தை, வலிச்சதா?" என்று ஒரு நாள் கேட்டாள். கையைப் பற்றித்தான்.

"வலிச்சுச்சு."

"இப்போ?"

"இப்ப கையி வலிக்காது. சாத்துன கதவப் பாத்தாத்தான் என்னமோ பண்ணும்."

 அன்றிலிருந்து அபி ரூம் கதவு ஒரு சாண் திறந்து கிடந்தது. நாங்கள் தட்டியும் திட்டியும் திறக்காத கதவு.

கடலுக்குக் கூப்பிட்டேன். "இன்னொரு நா போவோம். காத்து இங்கனயே நல்லா வருது" என்றாள். கங்காரு பார்க்கவும் அதே பதில். அப்புறம் நானும் விட்டுவிட்டேன்.

8

ஊருக்குப் போக நாலைந்து நாள்தான் இருந்தது. எனக்கு ஓட்டலில் வார விடுமுறை. சாய்ப்பில் உட்கார்ந்து கனிக்கு ரவா லட்டு பிடித்துக் கொண்டிருந்தேன்.

அபி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். வந்த வேகத்தில் ரூமுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். வீடே அதிர்ந்தது. கனி கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

செல்வி போய்த் தட்டினாள். உள்ளிருந்து அபி போ என்று இங்கிலீஷில் கத்தினாள். பிறகு அழுகைச் சத்தம். சின்னப் பிள்ளையில் அழுத மாதிரி, மூச்சு முட்டி முட்டி. நான் போய்க் கூப்பிட்டேன்.  என்ன செய்ய என்று தெரியாமல் இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பின்னால் கனி வந்து நின்றாள். அந்தக் கம்பளத்தில், வீட்டுக்கு நடுவில். முதல் நாளுக்கு அப்புறம் அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை.

"தள்ளுங்க அண்ணே" என்றாள். கதவில் வாயை வைத்து, "தாயி, அத்தை வந்துருக்கேன்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. அபி முகம் வீங்கிக் கிடந்தது. எங்களைப் பார்த்ததும் மறுபடி சாத்தப் போனாள். கனி உள்ளே ஒரு காலை வைத்திருந்தாள்.

"நீங்க மட்டும் வாங்க அத்தை. ஆனா கதவ மூடணும்" என்றாள் அபி. சொன்னதும் அவளுக்கே நினைவு வந்துவிட்டது. "இல்ல, வேண்டாம். மூட வேண்டாம். சாரி அத்தை" என்று விக்கினாள்.

கனி வாசற்படியில் நின்றாள். கழுத்தில் வேர்வை இறங்கியது. ஒரு தடவை திரும்பிப் பின்கதவைப் பார்த்தாள். அது திறந்துதான் கிடந்தது. பிறகு உள்ளே போனாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கதவைச் சாத்தினாள். சாத்தியவள் அவள்தான். நான் பார்த்தேன்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அழுகை கூடியது. பிறகு கனி குரல், மெதுவாக. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. அபி ஏதோ சொன்னாள், இங்கிலீஷும் தமிழுமாக. மறுபடி கனி. நாங்கள் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

அபிக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கனிக்குத் தெரியும். அது போதும்.

கதவு திறந்தது. கனி வெளியே வந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. எங்கள் இரண்டு பேரையும் தாண்டிச் சாய்ப்புக்குப் போனாள். பெஞ்சில் உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தூங்கிட்டா" என்றாள். "எந்திரிச்சா பசிக்கும். தோசைக்கு மாவு கெடக்கா?"

"கிடக்கு."

"முறுகலாப் போட்டுக் குடு."

சரி என்றேன்.  எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கதவ மூடுனியே கனி."

"புள்ளைக்கு மூடணும்னு இருந்துச்சு. மூடுனேன்."

செல்வி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கனி வாங்கினாள். விரல் மடங்காமல் டம்ளர் சாய்ந்து தண்ணீர் மடியில் கொட்டியது. டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன். முழுவதையும் குடித்தாள்.